பெயருக்கு ஒரு முகவரியா, பதவிக்கு ஒரு முகவரியா?

ஒரே சர்வரில் பல டொமேன்களுக்கு மின்னஞ்சல் மாற்றுப்பெயர் அமைப்பதைச் சொல்லித் தரும் ஆவணங்களில் போஸ்ட்ஃபிக்ஸ் வழிகாட்டி முக்கியமானது. வியட்சே வெனிமா ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்தபோது 1998-இல் வெளிவந்த மென்பொருள் இது.

வழிகாட்டியின் பலம் எளிமை. வரிக்கு ஒரு மாற்றுப்பெயர். இடப்பக்கம் வெளியே தெரியும் முகவரி, வலப்பக்கம் அஞ்சல் போய்ச் சேரும் ஆள். அவ்வளவுதான். ஒரே டொமேனை உள்ளூர் பட்டியலிலும் மாற்றுப்பெயர் பட்டியலிலும் சேர்த்துப் போடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்கிறது. 'எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்' என்ற வரி குப்பை அஞ்சலை இழுத்துவிடும் என்றும் எச்சரிக்கிறது. கோப்பைத் திருத்தியதும் 'போஸ்ட்மேப்' கட்டளை கொடுக்கணும் என்பதையும் விடவில்லை.

குறை எங்கே? உதாரணத்தில் இடப்பக்கம் 'தகவல்', 'விற்பனை' என்று பொறுப்பு இருக்கிறது. வலப்பக்கம் ஆள் பெயர் இருக்கிறது. ஏன் அப்படி என்று விளக்கவில்லை. விஷயமே அதில்தானே இருக்கு!

நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டப் பள்ளியில், மாற்றலாகிப் போன ஆசிரியரின் சொந்த முகவரிக்கே தேர்வுக் கடிதம் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கும்போது பதிவு நாள் நெருங்கிவிட்டது. 'தேர்வுச் செயலாளர்' என்று ஒரு மாற்றுப்பெயர் இருந்திருந்தால், வலப்பக்கத்தில் ஒரு பெயரை மாற்றினால் போதும்.

ராசாவானாலும் கோல சிலாங்கூரானாலும் ஆசிரியர் மாறுவார், பொறுப்பு மாறாது. மாணவர்களே, தேர்வில் மாற்றுப்பெயரின் பயன் கேட்டால் இந்தக் காரணத்தை முதலில் எழுதுங்கள்.