ஒரு தடவை பார்க்கலாம்

காரவள்ளி அடிவாரம் தாண்டினால் கொல்லிமலை பஸ்ஸுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல்லில் படம் பார்த்துவிட்டு மேலே திரும்புகிறவர்கள் விமர்சனம் பேச இதைவிடத் தோதான பாதை கிடையாது. "முதல் பாதி பரவாயில்ல, ரெண்டாம் பாதிதான் இழுவை" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அப்ப முழிச்சுட்டா இருந்தீங்க?" என்பார் முன்சீட்டுக்காரர், திரும்பாமலே.

இந்தத் தீர்ப்புகளிலேயே நயமானது 'ஒரு தடவை பார்க்கலாம்.' ஹீரோவின் ரசிகர் கோபித்துக்கொள்ள மாட்டார். டிக்கெட் காசு போன வருத்தமும் உள்ளே இருக்கும். 'பரவாயில்ல' என்பதிலோ குரலை எவ்வளவு இழுக்கிறார் என்பதுதான் மதிப்பெண்.

அச்சில் மதிப்பெண் போட்ட ஆனந்த விகடன், 1977இல் '16 வயதினிலே' படத்துக்கு 62½ கொடுத்தது. அந்த அரை மதிப்பெண் எதற்கு என்று இன்றைக்கும் பேசலாம்.

வாய்ப்பேச்சு சும்மா போய்விடுவதும் இல்லை. 2024 செப்டம்பரில் வந்த 'மெய்யழகன்' நீளம் என்று பரவலாகப் பேச்சு எழுந்தது. வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். வெட்டியிருக்க வேண்டாம். இரண்டு பேர் விடிய விடியப் பேசுவதுதானே அந்தப் படம்!

பின்னணி இசையே இல்லாத 'கொட்டுக்காளி' போன்ற படங்களிடம் மட்டும் இந்த அகராதி திணறும். "ஒரு மாதிரி இருந்துச்சு" என்பார்கள். பாராட்டா, புகாரா? முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.