அறைக்குள் அடங்காத தவில்

ராஜபாளையத்தில் நண்பர் வீட்டில் எம்.எல்.வசந்தகுமாரியின் திருப்பாவையை நல்ல ஸ்பீக்கரில் கேட்டேன். பாசுரத்தை எடுக்குமுன் அவர் மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழுந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்த அதே பாசுரங்கள் மார்கழி விடியலில் குழாய் ஸ்பீக்கர் வழியே தெருவுக்கு வரும்போது, சொல்லே கரகரப்பில் கரைந்துவிடுகிறது. சபாக்களிலும் பெரும்பாலும் மைக் வழியாகத்தான் கேட்கிறோம். வாய்ப்பாட்டைப் பொறுத்தவரை வீட்டு ஸ்பீக்கர் தோற்கவில்லை. சில நேரம் ஜெயிக்கவும் செய்கிறது.

நாகஸ்வரம், தவில் என்று வந்தால் கதை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் பத்தடி தூரத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். கூடு மாட்டிய விரல்கள் தவிலின் வலப்புறமான வலந்தலையில் விழும் அடி காதுக்கு முன்னால் நெஞ்சில் படும். நாகஸ்வரம் வாசிப்பவர் சற்றுத் திரும்பினால் அதன் விரிந்த முனையான அணசும் திரும்பும். ஒலியின் கூர்மை சட்டென்று மழுங்கி, மறுபடி பளிச்சிடும். இதே வாசிப்பை வீட்டில் போட்டால் தவில் மேசையைத் தட்டுவது போலிருக்கிறது.

பழியை ஸ்பீக்கர் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளியை சி.டி. தாங்கும். பதிவு செய்பவர்கள்தான் சின்ன ஸ்பீக்கர் திணறக்கூடாதென்று உச்சத்தை அமுக்கிவிடுகிறார்கள். மைக்கைத் தவிலுக்கு ஒட்டி வைக்கிறார்கள். யாரும் அங்கே காதை வைத்துக் கேட்பதில்லை. வீதியின் சுவரும் திண்ணையும் திருப்பித் தரும் ஒலி பதிவில் சேர்வதே இல்லை. கேட்பவர் நிற்கும் தூரத்தில் இரண்டு மைக் வைத்து, அமுக்காமல் பதிந்தால் பாதிக் குறை தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

மீதிப் பாதி நம் வீட்டில் இருக்கிறது. வெறும் சுவரும் மொசைக் தரையுமான கூடத்தில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள், அறையே கணகணக்கும். புது ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சத்தைக் கனத்த திரைக்கும் ஜமுக்காளத்துக்கும் செலவழிக்கலாம்.

பதிவு நேரடி இசைக்கு ஈடு என்று காட்ட, அமெரிக்காவில் எடிசன் நிறுவனம் 1915 முதல் மேடையில் பாடகரையும் இசைத்தட்டையும் மாறிமாறி ஒலிக்கவிட்டு, வேறுபாடு தெரிகிறதா என்று சவால் விட்டது. அங்கே பாடகர் ஓரிடத்தில் நின்றார். எதிரே வரிசையாக நாற்காலிகள். இங்கே மேளம் நடக்கிறது, நாமும் கூடவே நடக்கிறோம். கீழ ரத வீதி முனையில் மேளம் திரும்பியதும் நாகஸ்வரம் மங்கி, தவில் மட்டும் வீடுகளுக்கு மேலாக வந்துகொண்டிருக்கும்.