பச்சைப் பொத்தான்

போடி பக்கம் ராசிங்காபுரத்துத் தோட்டங்களில் மோட்டார் ரூமுக்குள் நுழைந்தால், என் கண் முதலில் போவது சுவரிலுள்ள ஸ்டார்ட்டர் பெட்டிக்குத்தான். பச்சைப் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடலாம். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளேயிருக்கும் காயில் மின்சாரம் பாய்ந்ததும் காந்தமாகி, 'டக்'கென்று காண்டாக்டுகளை இழுத்துச் சேர்க்கிறது. அதே இழுப்பில் தனக்கான மின்பாதையையும் தானே மூடிக்கொள்கிறது. என்ன அழகான யோசனை! கரண்ட் போனால் பிடி விட்டுவிடும். ஆட்டோ சுவிட்ச் இல்லையென்றால், கரண்ட் திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. பழுது பார்க்கக் கை வைத்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய காப்பு!

மோட்டாருக்கு வரும் மும்முனை மின்சாரத்தில், நொடிக்கு 50 சுற்று மாறும் மூன்று முனைகளும் 120 பாகை தள்ளித் தள்ளி வருவதால்தான் மோட்டாருக்குள் காந்தப்புலம் சுழல்கிறது. ஒரு முனை விட்டுப்போனால் மோட்டார் உறுமும், சூடேறும்; சரியாக அளவு வைத்த ஓவர்லோடு ரிலே, மோட்டாரின் காயில் கருகுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.