காலண்டர் டேபிளில் ஆடித்தபசு எந்த மாசம்?

பவர் பிஐ சொல்லிக்கொடுக்கிற எந்தப் பாடத்தை எடுத்தாலும் சீக்கிரமே ஓர் அறிவுரை வந்துவிடும்: "தேதிக்குன்னு தனியா ஒரு காலண்டர் டேபிள் போட்டுக்கோங்க." நல்ல அறிவுரைதான். ஆனால் ஆண்டு, காலாண்டு, மாதம், கிழமை என்று நாலு நெடுவரிசை சேர்த்ததும் பாடம் முடிந்துவிடுகிறது. எந்த ஆண்டு, யாருடைய மாதம் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் குறிப்பு அந்த விடுபட்ட கேள்வியைப் பற்றியது. உதாரணத்துக்கு வால்மார்ட்டுக்கெல்லாம் போக வேண்டாம். சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர் வட்டாரமே போதும்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். காலண்டர் டேபிள் என்பது ஒரு நாளுக்கு ஒரு வரி உள்ள பட்டியல். நாள் விடுபடக்கூடாது, ஒரே நாள் இரண்டு தடவை வரக்கூடாது. அவ்வளவுதான். இது எதற்கு? விற்பனைப் பட்டியலில் வியாபாரம் நடந்த நாள் மட்டும்தான் இருக்கும். கடை அடைத்த நாளுக்கு அதில் வரியே கிடையாது. மாதத்தில் 4 நாள் கடை அடைத்திருந்தால், 'ஒரு நாள் சராசரி' கேட்டபோது மென்பொருள் 31-க்குப் பதில் 27-ஆல் வகுத்துவிட்டு நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். நடக்காததும் ஒரு தகவல் என்று கணினிக்குக் காட்டுவது காலண்டர் டேபிள்தான். விற்பனைக்கும் கொள்முதலுக்கும் பொதுவான ஒரே அச்சாக இருப்பதும் அதுதான்.

தானாக வருவதில் உள்ள சிக்கல்

பவர் பிஐயில் 'ஆட்டோ டேட் டைம்' என்று ஒரு வசதி இருக்கிறது. நாம் மாற்றாவிட்டால் அது இயங்கிக்கொண்டேயிருக்கும். நம் தரவில் எத்தனை தேதி நெடுவரிசை இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலண்டர் டேபிளை மறைவாக உண்டாக்கிவிடும். ஆர்டர் தேதிக்கு ஒன்று, பணம் வந்த தேதிக்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே மாதத்தால் வடிகட்ட முடியாது. தெரியாத தேதிக்கு யாராவது 1900 ஜனவரி 1 என்று போட்டிருந்தால் அங்கிருந்து இன்றுவரை உள்ள எல்லா நாளும் ஃபைலுக்குள் வந்து குந்திக்கொள்ளும்.

கோப்பு வீங்குவது சின்ன விஷயம். அந்த டேபிள் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் என் பெரிய குறை. ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் என்று அது முடிவு பண்ணிவிடுகிறது. அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டதே நமக்குத் தெரிவதில்லை.

ஏப்ரல்–மார்ச் நிதியாண்டு இந்தியாவில் 1867-லிருந்து இருக்கிறது. அதனால் நம் ஊர் பாடங்களில் அந்தத் திருத்தம் மட்டும் தவறாமல் வரும். 'காலண்டர்ஆட்டோ' ஃபங்ஷனுக்குள் 3 என்று போட்டால் மார்ச்சில் முடியும் ஆண்டுக்கு ஏற்ப நாட்களை அடுக்கிவிடும். டேப்லோவில் தேதிப் புலத்தின் பண்புகளில் நிதியாண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்று மாற்றிக்கொள்ளலாம். ஜிஎஸ்டிக்கும் பேங்குக்கும் இது போதும். சரக்கு எடுத்து வைக்கிறவருக்குப் போதுமா?

பத்து நாள் முன்னே, பதினேழு நாள் பின்னே

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் ஆடித்தபசு ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தில் வரும். அங்கிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் இருக்கும் கரிவலம்வந்தநல்லூரில், பால்வண்ணநாதர் கோயிலில், ஆவணித்தபசு. ஆடி என்பது ஏறக்குறைய ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. ஆவணி அங்கிருந்து செப்டம்பர் நடுவரை. இந்தச் சாலையில் கடை வைத்திருப்பவருக்கு வருஷத்தில் இரண்டு திருவிழாக் கூட்டம். இரண்டுமே ஆங்கில மாதத்தின் எல்லையில் உட்கார்ந்திருக்கின்றன.

கடந்த சில ஆண்டுகளின் ஆடித்தபசு நாட்கள் இவை:

2022 – ஆகஸ்ட் 10, புதன்
2023 – ஜூலை 31, திங்கள்
2024 – ஜூலை 21, ஞாயிறு
2025 – ஆகஸ்ட் 7, வியாழன்

இரண்டு தடவை பத்துப் பத்து நாளாக முன்னே வந்து, பிறகு ஒரே தாவலாகப் பதினேழு நாள் பின்னே போயிருக்கிறது. காரணம் எளிது. சந்திரன் அதே நட்சத்திரத்துக்குத் திரும்பி வர சுமார் 27.3 நாள். பதிமூன்று சுற்று சேர்ந்தால் 355 நாள். ஆண்டுக்குப் பத்து நாள் குறைவு. 2025-ல் இன்னும் பத்து நாள் முன்னே போனால் ஜூலை 11; அது ஆனி. ஆகவே அடுத்த உத்திராடத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

இப்போது ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். சாதாரண நாளில் 10,000 ரூபாய் வியாபாரம். தபசு நாளும் அதற்கு முந்தைய பத்து நாளுமாகப் பதினொரு நாள், தினம் 30,000. இரண்டு ஆண்டும் இதே கதை. கடையில் எந்த மாற்றமும் இல்லை.

2024-ல் பதினொரு நாளும் ஜூலைக்குள் அடங்கிவிட்டன. ஜூலை விற்பனை 5,30,000. ஆகஸ்ட் 3,10,000.
2025-ல் ஜூலையில் 4 நாள், ஆகஸ்டில் 7 நாள். ஜூலை 3,90,000. ஆகஸ்ட் 4,50,000.

'சேம் பீரியட் லாஸ்ட் இயர்' ஃபங்ஷனைப் போட்டு சதவீதம் எடுத்தால் ஜூலையில் 26 சதவீதச் சரிவு, சிவப்பில். ஆகஸ்டில் 45 சதவீத வளர்ச்சி, பச்சையில். இரண்டு மாதத்தையும் கூட்டிப் பாருங்க: 8,40,000, 8,40,000. எதுவுமே நடக்கவில்லை!

அந்த ஃபங்ஷனில் தப்பு இல்லை. கேட்டதைச் சரியாகத்தான் கொடுத்தது. நாம் கேட்ட கேள்விதான் இந்தச் சாலைக்குப் பொருந்தாதது. ஆனால் விளைவு யார் தலையில் விழுகிறது என்று யோசிக்கணும். ஜூலை அறிக்கையைப் பார்த்துவிட்டு, இந்த லைனில் சரக்கு போடுகிற பையனிடம் "ஏன் இவ்வளவு இறக்கம்?" என்று கேட்பார்கள். அவனுக்குக் காரணம் தெரியும். ஆனால் அவன் சொல்கிற பதில் சமாளிப்பு மாதிரிக் கேட்கும், திரையில் இருக்கிற சிவப்பு உண்மை மாதிரித் தெரியும்.

தமிழ் மாதம் போட்டால் சரியாகிவிடுமா?

உடனே தோன்றுகிற தீர்வு, காலண்டர் டேபிளில் தமிழ் மாதம் என்று ஒரு நெடுவரிசை சேர்ப்பது. சேர்க்க வேண்டியதுதான். ஆனால் அதையே முடிந்த முடிவாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அதே கடையைத் தமிழ் மாதத்தில் பாருங்க. இரண்டு ஆண்டும் ஆடி ஜூலை 17-ல் பிறந்தது. 2024-ல் திருவிழாவின் பதினொரு நாளில் ஆறு நாள் ஆனியிலேயே கழிந்துவிட்டது. ஆடிக்குள் வந்தது ஐந்துதான். ஆடி விற்பனை 4,10,000. 2025-ல் பதினொன்றும் ஆடிக்குள். 5,30,000. இப்போது 29 சதவீத 'வளர்ச்சி'. பொய் அப்படியே இருக்கிறது, பெயர் மட்டும் தமிழில் மாறியிருக்கிறது.

தீபாவளியும் இப்படித்தான். 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. மூன்றுமே ஐப்பசி. ஆனால் 2025-ல் ஐப்பசி பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே தீபாவளி வந்துவிட்டது. துணி எடுத்ததெல்லாம் புரட்டாசியில்.

இதற்குச் சரியான வழி மாதம் இல்லை, தூரம். திருவிழா நாட்களுக்கு ஒரு சின்னப் பட்டியல் வைத்துக்கொண்டு, காலண்டர் டேபிளில் 'தபசுக்கு எத்தனை நாள்' என்று ஒரு நெடுவரிசை: தபசு அன்று 0, முந்தைய நாள் −1, மறுநாள் +1. கூடவே எந்த ஆண்டுத் தபசு என்று இன்னொன்று. பிறகு −10 முதல் 0 வரை இந்த ஆண்டு, −10 முதல் 0 வரை போன ஆண்டு என்று ஒப்பிட வேண்டும். இதற்குத் தயார் ஃபங்ஷன் கிடையாது. ஏற்கெனவே விழுந்திருக்கிற தேதி வடிகட்டலை நீக்கிவிட்டு, ஆண்டில் ஒன்றைக் கழித்து, தூரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும்படி நாமே எழுத வேண்டும். சில வரிகள்தான். நம் கடைக்கு விடை இரண்டு ஆண்டும் 3,30,000. மாற்றம் பூஜ்யம்.

இதற்கும் எல்லை உண்டு. 2024 தபசுக்கும் 2025 தபசுக்கும் நடுவே 382 நாள். அதனால் இந்தத் தூரத்தை ஆண்டு முழுக்க இழுக்க முடியாது. திருவிழாவை ஒட்டிய சில வாரங்களுக்கே அது செல்லும். ஞாயிற்றுக்கிழமைத் தபசையும் வியாழக்கிழமைத் தபசையும் ஒப்பிடும்போது கிழமையின் பங்கும் உள்ளே இருக்கும். கிழமை நெடுவரிசையைப் பக்கத்திலேயே வைத்திருங்க.

பஞ்சாங்கத்தைச் சூத்திரமாக்காதீர்கள்

தமிழ் மாதத்தை ஃபார்முலாவில் கொண்டுவரச் சிலர் முயல்வதுண்டு. வேண்டாம். தமிழ் மாதம் 29 நாளிலிருந்து 32 நாள்வரை நீளும். சூரியன் ராசி மாறும் நேரம் அஸ்தமனத்துக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து மாதப்பிறப்பு ஒரு நாள் தள்ளும். கேரளத்தில் இதே விதி வேறு மாதிரி; அதனால் ஒரே மாதம் இங்கே ஒரு நாளும் அங்கே ஒரு நாளுமாகப் பிறக்கலாம். வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று வேறு இருக்கிறது. உங்கள் கோயிலும் கடையும் எதைப் பார்த்து நடக்கின்றனவோ அதைப் பார்த்து மாதப்பிறப்புகளைத் தட்டச்சு செய்துகொள்ளுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு வரி. மாதத்துக்கு மாதம் நீளம் மாறுவதால் மொத்தத்தை விட ஒரு நாள் சராசரியைப் பார்ப்பது நல்லது.

இன்னும் இரண்டு சின்ன எச்சரிக்கை. மாதத்துக்கு வரிசை எண் தராவிட்டால் மென்பொருள் அகரவரிசையில் அடுக்கும். உங்கள் ஆண்டு ஆடியில் தொடங்கி வைகாசியில் முடியும். ஆண்டின் பெயரை மட்டும் வைத்துத் தொகுக்காதீர்கள். 1965-ம் விசுவாவசு, 2025-ம் விசுவாவசு. பழைய கணக்கு கையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

சுவாமிக்கண்ணு பிள்ளையின் டேபிள்

ஒரே நாளைப் பல கணக்கில் எழுதிவைக்கிற வேலை நமக்குப் புதிதில்லை. தென்பாண்டிக் கல்வெட்டுகளில் தேதி என்பது ஓர் எண் அல்ல. அரசனின் ஆட்சியாண்டு, மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று வரும்; சிலவற்றில் சக ஆண்டோ கொல்லம் ஆண்டோ சேர்ந்து வரும். இவை எல்லாம் ஒத்துப்போகிற நாள் எது என்று தேடித்தான் அந்த அரசனின் காலத்தைப் பிடிக்க வேண்டும். எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை இதற்காகவே கி.பி. 700 முதல் 1799 வரை நாள்வாரியாக ஒரு பெரும் அட்டவணை தயாரித்தார். 'இந்தியன் எஃபிமெரிஸ்' என்ற பெயரில் 1922-ல் அது வெளிவந்தது. ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் திதி, நட்சத்திரம். இன்றைய மொழியில் சொன்னால், பதினோரு நூற்றாண்டுக்கான காலண்டர் டேபிள்.

அதில் நான் மதிக்கிற விஷயம் ஒன்று உண்டு. எந்தக் கணக்கையும் அவர் ஒளித்துவைக்கவில்லை. எல்லாம் அச்சில் இருப்பதால் இன்னொருவர் பார்த்து, "இந்தக் கிழமை பொருந்தலையே" என்று மறுக்க முடியும். பின்னணியில் மறைவாக உருவாகும் டேபிளில் அந்த வாய்ப்பு இல்லை.

2025 செப்டம்பரில் பவர் பிஐ, நாமே நம் காலண்டரை வரையறுத்துக்கொள்ளும் வசதியை முன்னோட்டமாகக் கொண்டுவந்தது. ஆண்டு எது, மாதம் எது என்று நம் நெடுவரிசைகளைக் காட்டிக்கொடுத்தால் அதன்படி கணக்கிடும். சித்திரை முதல் பங்குனி வரை ஓர் ஆண்டு என்று இனி சொல்லலாம். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் நட்சத்திரத்தோடு நகர்கிற திருவிழாவை அது கண்டுபிடித்துத் தராது. அந்த வரியை ஊர் தெரிந்த ஒருவர்தான் எழுத வேண்டும்.

அதனால் டேஷ்போர்டு போடுகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். 'ஆட்டோ டேட் டைம்' வசதியை அணைத்துவிடுங்க. காலண்டர் டேபிளை ஒரு பக்கமாகவே அறிக்கையில் வையுங்க, திருவிழாப் பட்டியலோடு சேர்த்து. டாக்ஸ் தெரியாத கடைக்காரரும் அதைப் படிப்பார். "தபசு இந்த வருஷம் ஆகஸ்ட்லல்லா வந்துச்சு, நீங்க எங்க போட்டிருக்கீங்க?" என்று அவர் கேட்டால், உங்கள் அறிக்கையில் இருக்கிற பெரிய பிழையை அவர் ஒரு நொடியில் பிடித்துக்கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.