பேலஸ் வென்ற கோப்பை, டாம்வொர்த் இழந்த மறு ஆட்டம்

மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வீழ்த்தி கிரிஸ்டல் பேலஸ் எஃப்.ஏ. கோப்பையை வென்றதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. 2025 மே 17 அன்று வெம்ப்ளியில் முக்கால்வாசி நேரத்துக்கும் மேல் பந்து சிட்டியின் காலில்தான் இருந்தது. இருபது முறைக்கு மேல் கோலை நோக்கி அடித்தார்கள். பெனால்டியும் கிடைத்தது. அதற்குப் பிறகும் ஒரு கோல்கூட விழவில்லை என்றால், தோற்றவர்களுக்கு நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகத் தோன்றும்தான்.

ஆனால் 2024-25 சீசனில் பேலஸ் ஆடிய ஆறு கோப்பை ஆட்டங்களையும் வரிசையாகப் பார்த்தவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. ஸ்டாக்போர்ட், டான்காஸ்டர், மில்வால், ஃபுல்ஹாம், ஆஸ்டன் வில்லா, கடைசியில் சிட்டி. போட்டது 13 கோல், வாங்கியது ஒன்றே ஒன்று. கால் இறுதியில் ஃபுல்ஹாமை அவர்கள் மைதானத்திலேயே 3-0, அரை இறுதியில் வில்லாவை 3-0. இதே அணி அந்த சீசனின் லீக் தொடக்கத்தில் முதல் எட்டு ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. மைக்கேல் ஒலிஸேவை பயர்ன் மூனிக்குக்கு விற்றிருந்தார்கள். பயிற்சியாளர் ஒலிவர் கிளாஸ்னர் அப்போதும் தன் ஆட்டமுறையைக் கைவிடவில்லை. பின்னால் மூன்று தடுப்பாளர்கள், இருபுறமும் ஓடியாட இரண்டு விங்பேக்குகள், முன்னால் மட்டெட்டாவுக்குத் துணையாக எஸேயும் சாரும். அந்தப் பிடிவாதம்தான் மே மாதத்தில் பலன் தந்தது.

இறுதி ஆட்டத்துக்கு ஐந்து வாரம் முன்பு, ஏப்ரல் 12 அன்று, லீக்கில் இதே சிட்டியிடம் பேலஸ் 2-0 என முன்னிலையில் இருந்து 5-2 எனத் தோற்றது. அந்த அடியை மறக்காமல்தான் வெம்ப்ளிக்கு வந்திருந்தார்கள். விங்பேக்குகள் பின்னால் இறங்கி ஐவர் வரிசையாக நின்றார்கள். அதற்கு முன்னால் நால்வர். ஓரங்களில் சிட்டியின் டோக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும், நடுவில் மட்டும் இடம் கிடையாது என்பதே ஏற்பாடு. தடுப்பாளர்கள் ரிச்சர்ட்ஸ், லக்ருவா, கேஹி மூவரும் உள்ளே வந்த கிராஸ்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தலையால் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

16-ஆவது நிமிடக் கோலைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பேலஸின் முதல் உருப்படியான தாக்குதலே அதுதான். தன் முதுகில் ஆளை வைத்துக்கொண்டு மட்டெட்டா பந்தைத் தக்கவைக்கிறார். சிட்டியின் நடுக்களத்தில் அன்று பெர்னார்டோ சில்வாவும் டி பிரைனாவும்தான். தடுப்பு வேலைக்கென்றே ஒருவர் இல்லை. அந்த வேலையைச் செய்யும் ரோட்ரி ஆடவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பேலஸுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. வலது ஓரத்தில் விங்பேக் முன்யோஸ் தலைதெறிக்க ஓடி கிராஸ் போட, எஸே பந்தைத் தரையில் விடாமல் அப்படியே உள்ளே அடித்தார். எங்கே இடைவெளி விழும் என்பதை முன்பே கணக்குப்போட்டு வைத்திருந்த அணி போட்ட கோல் அது.

அதிர்ஷ்டம் அறவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஹாலண்டின் காலுக்குப் போக இருந்த பந்தை கோல்கீப்பர் டீன் ஹெண்டர்சன் பெனால்டி எல்லைக்கு வெளியே கையால் தட்டிவிட்டார். வீடியோ நடுவர் பார்த்தும் சிவப்பு அட்டை வரவில்லை. என் கணிப்பில் அங்கே பேலஸ் தப்பித்தது. ஆனால் அடுத்து வந்த பெனால்டியில் தப்பித்தல் ஏதுமில்லை. வழக்கமாக அடிக்கும் ஹாலண்ட் விலகிக்கொள்ள மர்மூஷ் அடித்தார். ஹெண்டர்சன் சரியான பக்கம் பாய்ந்து தடுத்தார். கூடுதலாகத் தரப்பட்ட பத்து நிமிடத்தையும் தாக்குப்பிடித்து, 1905-இல் தொடங்கிய கிளப் தன் முதல் பெரிய கோப்பையை எடுத்தது. 1990, 2016 என இரண்டு முறை இறுதிவரை வந்து மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்ற கிளப் இது.

ஒரே ஆட்டத்தில் எல்லாம் முடிகிறது என்றால் அதற்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதற்குப் பேலஸ் பாடம். ஆனால் அந்த சீசனில்தான் ஆட்டம் டிரா ஆனால் நடக்கும் மறு ஆட்டங்களை முதல் சுற்றிலிருந்தே ஒழித்தார்கள். அதை நினைக்கும்போது எனக்கு டாம்வொர்த்தின் முகம்தான் தெரிகிறது. அப்போது ஐந்தாம் நிலையில் ஆடிய, வீரர்கள் வேறு வேலையும் பார்த்த கிளப். கோல்கீப்பர் ஜஸ் சிங் கட்டட ஆய்வாளர். முதல் சுற்றில் ஹடர்ஸ்ஃபீல்டையும் இரண்டாம் சுற்றில் பர்ட்டனையும் வெளியேற்றிவிட்டு வந்தவர்கள், ஜனவரி 12 அன்று தங்கள் செயற்கைப் புல் மைதானத்தில் டாட்டன்ஹாமை 90 நிமிடம் 0-0 என நிறுத்தி வைத்தார்கள். பழைய விதிப்படி அதற்குப் பரிசு, அறுபதாயிரம் பேர் அமரும் டாட்டன்ஹாம் மைதானத்தில் ஒரு மறு ஆட்டமும் நுழைவுச்சீட்டு வசூலில் பங்கும். புதிய விதிப்படி கிடைத்தது கூடுதல் அரைமணி நேரம். களைத்துப்போன கால்களால் ஓட முடியவில்லை, 0-3.

2005 ஜனவரியில் இதே ஐந்தாம் நிலையில் இருந்த எக்ஸிட்டர் சிட்டி, ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட்டோடு 0-0 என டிரா செய்தது. மறு ஆட்டத்தில் 0-2 எனத் தோற்றது. ஆனால் கடனில் தத்தளித்த, ரசிகர்களே எடுத்து நடத்திய அந்தக் கிளப்பைக் கரைசேர்த்தது அந்த இரண்டு ஆட்டங்களின் வருமானம்தான்.

ஒரே ஆட்டம் என்றால் சின்ன அணிக்கும் வாய்ப்பு அதிகம் என்று வாதிடுகிறவர்கள் பிளைமவுத்தைக் காட்டுகிறார்கள். இரண்டாம் நிலையில் கடைசி இடத்தில் கிடந்த அந்த அணி, அந்த ஆண்டு லீக்கை வென்ற லிவர்பூலை 1-0 எனச் சாய்த்தது உண்மை. ஆனால் அது 90 நிமிடத்திலேயே முடிந்த ஆட்டம். பழைய விதியிலும் அதே முடிவுதான் வந்திருக்கும். மறு ஆட்டங்களை ஒழித்ததற்குக் காரணம் அட்டவணை நெருக்கடி என்கிறார்கள். அதைக் கொண்டுவந்தவை விரிந்துகொண்டே போகும் ஐரோப்பியப் போட்டிகள். அதற்கான விலையை டாம்வொர்த் ஏன் கொடுக்க வேண்டும்?

எல்லாச் சுற்றிலும் மறு ஆட்டம் கேட்கவில்லை. மூன்றாம் சுற்றில், தொழில்முறை லீக்குகளுக்குக் கீழே இருக்கும் ஒரு கிளப் பிரீமியர் லீக் அணியோடு டிரா செய்தால், அதற்கு மட்டுமாவது மறு ஆட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு சீசனுக்கு ஒன்று வந்தாலே அதிகம். இங்கிலாந்து கால்பந்து சங்கம் நினைத்தால் அடுத்த சீசனிலேயே செய்துவிடலாம்.