விடை பெறாத வாழ்த்து

செய்யுளின் ஓரடியை மேற்கோளாக எடுத்தாள்வோர் அதன் முன்னும் பின்னும் நோக்கியே எடுத்தல் வேண்டும் என்று மாணவர்க்கு வற்புறுத்துகின்றோம். ஓவியத்தின் ஒரு பகுதியை வெட்டி அஞ்சல் தலையாக அச்சிடுவோர்க்கும் இவ்விதி பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1962ஆம் ஆண்டு முதல் கிறித்துமசு அஞ்சல் தலைகளை வெளியிட்டு வருகின்றன. 1966இல் ஹான்ஸ் மெம்லிங் தீட்டிய கன்னியும் குழந்தையும் ஐந்து சென்டுத் தலையில் இடம்பெற்றன. அரசின் தலையில் சமய ஓவியம் வரலாமா என வழக்கும் எழுந்தது. அடுத்த ஆண்டிலேயே அவ்வோவியத்தைப் பெரிய அளவில் மீண்டும் வெளியிட்டனர். சிறுமையின் இடர்ப்பாட்டிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதின்று.

1968இல் வந்த ஆறு சென்டுத் தலையே நம் ஆராய்ச்சிக்கு உரியது. யான் வான் ஐக் 1434-36ஆம் ஆண்டளவில் தீட்டியதாகக் கருதப்படும் ‘மங்கள வார்த்தை’ ஓவியம் வாசிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. உயரம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். அகலமோ 34 அளவே. இடப்புறம் கபிரியேல் புன்முறுவலுடன் வலக்கை விரலால் மேலே சுட்டி நிற்கின்றார். வலப்புறம் மரியாள் இரு கைகளையும் உயர்த்தியிருக்கின்றாள். வானவரின் வாழ்த்து இலத்தீன் எழுத்துகளாய் அவள்பால் செல்கின்றது. அவள் விடையோ தலைகீழாக எழுதப்பட்டுள்ளது. மேலிருந்து நோக்கும் இறைவன் படித்தற்பொருட்டு அவ்வாறு எழுதினான் என்பர். பேச்சையே ஓவியமாக்கிய அருமை இது. மேற்சாளரத்திலிருந்து ஏழு கதிர்களும் புறாவும் இறங்குவதும் அவளை நோக்கியே.

அஞ்சல் தலையில் உள்ளவர் கபிரியேல் மட்டுமே, மரியாள் இல்லை! கேட்போரையும் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக எண்ணியவர் தொல்காப்பியர். கேட்போரை நீக்கிய கூற்று எதற்கு ஆகும்?

முழு ஓவியத்தையும் ஓரங்குல அகலத்திற் சுருக்கினால் எழுத்துகளும் முகங்களும் மறைந்துவிடும் என்பது மெய்யே. ஆதலின் வெட்டியதைக் குறை கூறேன். வெட்டிய இடமே குற்றமுடைத்து. இருவர் முகங்களும் எழுத்துகளும் அடங்கும் மேற்பகுதியைக் கொண்டிருப்பின், தரையிற் பொறித்த சிம்சோன், தாவீது கதைகளை இழந்தாலும் உரையாடல் எஞ்சியிருக்கும்.

கடிதம் பெறுவோரே மரியாளின் இடத்தில் நிற்கின்றனர், கபிரியேலும் தூதர்தாமே என அமைதி கூறுவாரும் உளர். அழகிய கருத்துதான், யானும் சிலகாலம் அதனை விரும்பியதுண்டு. ஆயின் உறையைக் கையில் எடுத்து நோக்கின் அது நில்லாது. தலை ஒட்டப்படுவது உறையின் வலப்பக்க மேல் மூலையில். கபிரியேல் நோக்குவதும் வலப்புறமே. பெறுநர் பெயரும் முகவரியும் அவர் சிறகுகளுக்குப் பின்னே கிடக்கின்றன.