கை குவித்துப் பார்க்கும் கண்ணாடி

கண்ணாடி வைத்தால் கட்டடம் தெருவுக்குத் திறந்துவிடும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. மதுரை அவனியாபுரம் பக்கம் எழும் வணிகக் கட்டடங்களின் முகப்புகளும் அதை நம்பியே எழுகின்றன. ஆனால் மதிய வெயிலில் சாலையில் நிற்பவருக்கு அந்த முகப்பு உள்ளே இருப்பதைக் காட்டுவதில்லை. எதிர்ச்சாரிச் சுவரையும் மின்கம்பிகளையும் அவர்மேலேயே திருப்பிவிடுகிறது. சாதாரணக் கண்ணாடி, நேராக விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் கூடும். எதிர்ச்சுவரின் மேல் 50,000 லக்ஸ் வெயில் விழுகிறதென்று வைத்தால், கண்ணாடியில் அதன் பிம்பம் 4,000 லக்ஸ் வெளிச்சம் பட்ட சுவரைப்போலத் தெரியும். அலுவலகத்துக்குள் எரிவதோ 500 லக்ஸ் விளக்கு. எட்டு மடங்கு பளிச்சென்ற பிம்பத்தை மீறி உள்ளே இருப்பவரைக் கண் பிடிக்காது. கடை வாசலில் கைகளைக் குவித்து முகத்தை ஒட்டிவைத்துப் பார்ப்பவர் செய்வது, தன் பங்குக்கு ஒரு சாண் நிழலை உண்டாக்குவதுதான். ஊடுருவித் தெரிவதைத் தீர்மானிப்பது கண்ணாடி மட்டுமல்ல, இரு பக்க வெளிச்சங்களின் கணக்கும்தான். மதுரை வெயிலில் அந்தக் கணக்கு பகல் முழுக்க உள்ளே இருப்பவருக்கே சாதகம்.

உள்ளே இருப்பவராவது பார்க்கிறாரா? மேற்குப் பார்த்த முகப்பில் பிற்பகலானால் கூச்சம், அனல். திரையை இறக்கிவிட்டு டியூப்லைட்டைப் போடவேண்டியதுதான். வெப்பம் தடுக்கும் கண்ணாடிகள் வந்துவிட்டனவே என்பார்கள். வந்திருக்கின்றன, ஸ்ரீபெரும்புதூரிலேயே செயின்ட் கோபைன் ஆலை 2000 முதல் ஓடுகிறது. ஆனால் மலிவான வகைகள் கருமையாலோ கூடுதலாகப் பிரதிபலித்தோதான் வெப்பத்தைக் குறைக்கின்றன. தெருவுக்கு மிஞ்சுவது முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே இருப்பவர் வெளியே தெரிய வேண்டும் என்று கார்க் கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-ல் தடை செய்தது. கட்டடத்தில் ஒட்டினால் அதற்குப் பெயர் நவீனம்.

துல்லியமாகத் தெரியும் இடத்தில் வேறு சிக்கல். சட்டம், கைப்பிடி, தூசி, பிம்பம் இவற்றை வைத்துத்தான் கண்ணாடி இருப்பதையே கண் ஊகிக்கிறது. 2018-ல் கலிபோர்னியாவில் ஆப்பிளின் புதிய தலைமையகத்தில் ஊழியர்கள் கண்ணாடியில் மோதிக் காயப்பட்டார்கள். கடைக் கதவில் ‘தள்ளு’ என்று ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் முகம் சுளிக்கலாம். மூக்கைக் காப்பாற்றுவது அதுதான்.

கண்ணாடியின் பலம் இரவில் தெரியும். 7 மணிக்கு மேல் கணக்கு தலைகீழாகி, ஜவுளிக்கடை முழுவதுமே தெருவிளக்காக நிற்கும். நடப்பவருக்கு அது வெளிச்சம், துணை. முழுக் கண்ணாடிச் சுவருக்கு இதையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இந்தப் பயன் தரைத்தளத்தில் ஆள் உயரக் கண்ணாடியிலேயே கிடைத்துவிடுகிறது. மேல் மாடிகளுக்கு அந்த வாதம் ஏறாது. பழைய வீட்டுத் திண்ணை பகலிலேயே இதைச் சாதித்தது. தெரு வெயிலுக்கும் உள்ளிருட்டுக்கும் நடுவே சாய்ப்பு நிழலில் மூன்றாவது வெளிச்சம் ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தவர் தெருவுக்குத் தெரிந்தார், தெருவும் அவருக்குத் தெரிந்தது. ஆறடிச் சாய்ப்பை முன்னே இறக்கி அதன் பின்னால் கண்ணாடி வைத்தால், நடப்பவர் நிழலுக்குள் வந்து நின்று பார்க்கலாம், கை குவிக்காமலே. இடத்துக்கு வாடகை பேசி, மனை விளிம்புவரை கண்ணாடியை இழுப்பவர்கள் விட்டுக்கொடுக்க மறுப்பது அந்த ஆறடியைத்தான்.